முட்டி வலி என்று சொன்னேன்

திருப்பதியில் ஒரு பெரிய மருத்துவமனையில், எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். என் எலும்புகளில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இருந்தது அரிப்பு. அதுவும் வெளியே சொல்ல முடியாத இடத்தில், இரண்டு வருஷத்துக்கும் மேலாக.

அந்த அரிப்புக்காகத்தான் சித்தூரிலிருந்து காலை பஸ் பிடித்து வந்திருந்தேன். பதிவு செய்கிற கவுண்ட்டரில் இருந்தவர், "ஏம்மா, ஏமி ப்ராப்ளம்?" என்று தெலுங்கில் சத்தமாகக் கேட்டார். எனக்குப் பின்னால் என் கணவர் ஜெபராஜ். அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். "மோகாள்ள நொப்பி" என்றேன். முட்டி வலி. அவர் சீட்டை நீட்டி எலும்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது அதே இடத்தில் அதே தொந்தரவு இருந்தால் சிரிக்க மாட்டீர்கள். இல்லாதவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் கோபமில்லை. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அரிப்போடு சேர்ந்து அங்கே ஆறாத ஒரு புண் இருந்தது. அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பெயர் சுசீலா. வயது ஐம்பத்து நான்கு. சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். கார்வேட்டிநகரத்திலிருந்தும் சாந்திபுரத்திலிருந்தும் வந்து சேரும் பெண் பிள்ளைகளிடம் மாதவிடாய் என்றால் என்ன, வெள்ளைப்படுதல் எப்போது நோய், எப்போது இல்லை என்று வருஷா வருஷம் வாய் கிழியப் பேசுகிறவள். எந்த உறுப்பின் பெயரைச் சொல்லவும் நான் கூச்சப்பட்டதில்லை. கரும்பலகையில் படமே வரைந்திருக்கிறேன். சொந்த உடம்பு என்று வந்தபோது அந்த வாய் எங்கே போனதோ தெரியவில்லை.

மாதவிடாய் நின்று இரண்டொரு வருஷம் ஆன பிறகு அது தொடங்கியது. முதலில் லேசான நமைச்சல். பகலில் வேலை மும்முரத்தில் மறந்துபோகும். படுக்கையில் சாய்ந்தால் வந்துவிடும். உடம்பு சூடு என்று நினைத்து மோர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். பிறகு சுத்தக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன். வார்டன் புத்தி. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். வேப்பிலை வேகவைத்த தண்ணீர், மஞ்சள், உப்பு, தரை துடைக்கும் கிருமிநாசினியில் நாலு சொட்டு என்று ஒன்றையும் விடவில்லை. எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு, எரிந்தால் கிருமி சாகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முட்டாள்தனம். நான் அழித்துக்கொண்டிருந்தது என் சொந்தத் தோலை.

மருந்துக் கடையில், "ஹாஸ்டல் பிள்ளை ஒருத்திக்குப் படர்தாமரை" என்று பொய் சொல்லி ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். சில நாள் அடங்கியது. பிறகு இரண்டு மடங்காக வந்தது. சித்தூரிலேயே ஒரு பெண் டாக்டரிடம் போனேன். "படுங்க, பார்க்கலாம்" என்றார் அவர். "பார்க்கவெல்லாம் வேணாம் டாக்டர், மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க" என்றேன். சர்க்கரை பரிசோதித்தார். சர்க்கரை இல்லை. பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரை எழுதினார். பார்க்காமல் வேறு எதை எழுதுவார், பாவம். பூஞ்சையாக இருந்திருந்தால் போயிருக்கும். போகவில்லை.

முட்டி எப்போது உள்ளே வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் வியாழக்கிழமை பிற்பகலில் நடக்கும். பாய் விரித்து உட்கார்ந்து பாடுவோம், ஜெபிப்போம். கடைசியில் ஒவ்வொருத்தியும் தன் ஜெபக்குறிப்பைச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, தனக்கு ரத்தக்கொதிப்பு என்று சொல்வார்கள். சொன்னால் அத்தனை பேரும் வீட்டில் போயும் அதற்காக ஜெபிப்பார்கள். அது நல்ல வழக்கம்தான். அந்தப் பாயில் என்னால் உட்கார முடியவில்லை. சுவரோரம் நின்றுகொண்டேன். பாஸ்டரின் மனைவியை நாங்கள் பாஸ்டரம்மா என்போம், என்னைவிடச் சின்னவர். அவர் கவனித்துவிட்டார்.

"வார்டனக்கா, இன்னா நீங்கோ குந்தவே மாட்டன்றீங்கோ? எதுனா ஒடம்புக்கு முடியலியா?"

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. "முட்டி வலிம்மா" என்றேன்.

அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமையிலிருந்து சபை முழுவதும் என் முட்டிக்காக ஜெபித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி முட்டிகளைத் தொடும்படி ஆண்டவரிடம் கேட்டார். ஒருத்தி புத்தூரிலிருந்து எலும்பு முறிவுக்குக் கட்டும் இடத்து எண்ணெய் வாங்கி வந்தாள். நான் கொஞ்சம் நொண்டி நடக்கவும் வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விடக் கொடுமை வீட்டில் நடந்தது. என் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கை முரடு. அந்தக் கையால் தினமும் எண்ணெயைச் சூடு காட்டி என் முட்டியில் தேய்த்துவிடுவார். "இப்ப தேவலையா? கொஞ்சம் எறங்கிகினு இருக்குதா?" என்று கேட்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவேன்.

முட்டி எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. ஒருமுறை நாங்கள் சேர்ந்திருந்தபோது அங்கே தோல் கிழிந்து ரத்தம் வந்தது. உயிர் போகிற எரிச்சல். அவரிடம் சொல்லவில்லை. அதன் பிறகு, "முட்டி நோவுது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்ளத் தொடங்கினேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

விடுதிப் பிள்ளைகளுக்கு, "கண்ணாடி வச்சு உங்க உடம்பை நீங்களே பாக்கணும்" என்று சொல்கிறவள் நான். ஒரு நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்கண்ணாடியில் பார்த்தேன். பிறப்புறுப்பைச் சுற்றிலும், பின்னால் மலவாய் வரையிலும் தோல் வெளுத்திருந்தது. கசக்கி விரித்த காகிதம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக இருந்தது. உள் இதழ்கள் இருந்த இடம் தட்டையாக இருந்தது. கரும்பலகையில் நான் வரைகிற படத்தில் இருப்பது என் உடம்பில் இல்லை.

வெண்குஷ்டமோ என்று நினைத்தேன். அதுவாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சில மாதம் கழித்து வெளுத்த தோலின் இடது ஓரத்தில் ஒரு சிறிய மேடு வந்தது. மிளகு அளவு இருக்கும். கெட்டியாக இருந்தது. பிறகு அதன் மேல் புண் ஆகி, உள்ளாடையில் ரத்தக்கறை படத் தொடங்கியது. மாதவிடாய் நின்றவளுக்கு ரத்தக்கறை என்றால் என்ன அர்த்தம் என்று நானே பல பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தத் துணியை நானே அலசிக் காயப்போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது விரலால் தொட்டுப் பார்ப்பேன். அது சின்னதாகவே ஆகவில்லை.

சித்தூரில் போனால் வார்டனம்மா எதற்கு வந்தாள் என்று ஊரே பேசும். அதனால்தான் திருப்பதி. கணவரிடம், "அங்க முட்டிக்கு நல்லா பாக்கறாங்களாம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் எப்படியாவது தோல் டாக்டரிடம் நழுவிவிடலாம் என்பது திட்டம். திட்டம் கவுண்ட்டரிலேயே கவிழ்ந்தது.

எலும்பு டாக்டர் இளைஞர். என் முட்டிகளை மடக்கினார், நீட்டினார், அழுத்தினார். சிரித்துக்கொண்டே, "அம்மா, மீ மோகாள்ளு நா மோகாள்ள கண்ட்டே பாகுன்னாயி" என்றார். என் முட்டிகள் அவருடையதைவிட நன்றாக இருக்கின்றனவாம். என் கணவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். "ஸ்தோத்திரம்" என்றார் அவர்.

"எனக்கு ஒரு டீ வாங்கினு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பினேன். கதவு மூடியது. டாக்டர் அடுத்த சீட்டை எடுக்கக் கையை நீட்டினார். இப்போது எழுந்து போனால் இந்தப் புண்ணோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன், மறுபடி என் கணவர் முட்டியில் எண்ணெய் தேய்ப்பார் என்பது திடீரென்று உறைத்தது. தமிழில் அந்த வார்த்தை கடைசிவரை வரவில்லை. தெலுங்கில் வந்தது. "துரத, சார். கிந்த" என்றேன். அரிப்பு, கீழே. வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. எத்தனை காலமாக என்று கேட்டார். சொன்னேன். புண் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என்னைக் கையோடு அடுத்த கட்டடத்தில் இருந்த தோல் டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

தோல் டாக்டர் என் வயதுப் பெண். வேலூரில் படித்தவராம், தமிழ் பேசினார். விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். நான் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"இது எவ்ளோ நாளா இருக்கும்மா?"

"அரிப்பா டாக்டர்?"

"இல்ல. இந்தப் புண்ணு."

"நாலஞ்சு மாசம் இருக்கும்."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு வந்திருந்த நோயின் பெயர் லைக்கன் ஸ்கிளீரோசஸ் (தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிப்போகும் நாள்பட்ட நோய்). இது ஒட்டுவாரொட்டி இல்லை. அழுக்காலோ நடத்தையாலோ வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச்சக்தியே தன் தோலைத் தாக்குவதால் வருவதாக இருக்கலாம், சரியான காரணம் தெரியாது என்றார் டாக்டர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வருமாம். சின்னப் பெண் குழந்தைகளுக்கும் வருமாம். களிம்பு போட்டுக் கட்டுக்குள் வைக்கலாம். முழுக்கத் தீராது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு அந்தத் தோலில் புற்று வரலாம். "அதனால இந்தப் புண்ல இருந்து ஒரு துண்டு எடுத்து அனுப்பணும்" என்றார். அதுதான் பயாப்சி (சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பது). மரத்துப்போக ஊசி போட்டு அன்றைக்கே எடுத்தார். ஊசி குத்தும்போது வலித்தது. பிறகு தெரியவில்லை.

வெளியே வந்தால், 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்குக் கீழே என் கணவர் இரண்டு கையிலும் ஆறிப்போன டீயோடு நின்றார். எலும்புப் பிரிவு முழுக்கத் தேடியிருக்கிறார். "முட்டிக்கு இங்கியா பாக்கறாங்கோ?" என்றார். நான் டீயை வாங்கிக் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில், சந்திரகிரி தாண்டியதும் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அரிப்பு, வெளுப்பு, புண், எடுத்தனுப்பிய துண்டு. காணிப்பாக்கம் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஏறி இறங்கியது.

"அப்ப முட்டி?"

"முட்டி நல்லாத்தான் இருக்குது."

"நான் தெனம் எண்ணெ போட்டுகினு இருந்தனே."

"ஆமா."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். அவர் குரல் உடைந்துவிட்டது. "என்னிய கிட்டயே சேக்காதது இதுக்குத்தானா? உனக்கு என்னியப் புடிக்காமப் போச்சுன்னு இல்ல நான் நெனச்சினு இருந்தேன்" என்றார். பிறகு, "நைனா செத்தப்பகூட நான் இப்படிப் பயந்ததில்ல சுசி" என்றார். பஸ் என்று பார்க்காமல் அழுதேன்.

ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தொலைபேசி அடித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். வந்தது. புற்றுதான். திருப்பதியில் தோல் டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி. சுத்தி நல்ல தோலோட சேத்து எடுத்துட்டா இப்போதைக்குப் போதும். ஆனா இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா தொடையிடுக்கு நெறிக்கட்டியையும் எடுக்க வேண்டி வந்திருக்கும்." 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை அதை விடவில்லை.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியாது. ஒண்ணுக்குப் போனால் நெருப்பு. மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே போகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அது கொஞ்சம் உதவியது. என் கணவர் சபையில் போய், "முட்டி ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவரும் என்ன செய்வார். பாஸ்டரம்மா சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். நைட்டி கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டு முட்டியும் ஒரு கட்டு இல்லாமல் அவர் கண்முன்னால் இருந்தன. பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன், இந்த முறை தமிழில். எந்த இடம், என்ன நோய், என்ன வெட்டினார்கள் என்று பெயர் சொல்லியே சொன்னேன். பாவம், அவர் முகம் சிவந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். "ஆண்டவரே, இந்த சகோதரியோட..." என்று நின்றார். மறுபடி, "இவங்களோட அந்த..." என்று நின்றார். கடைசியில், "எங்கன்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று முடித்தார். வலியோடு வலியாகச் சிரித்தேன். தையல் இழுத்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இதே தொந்தரவு உள்ளவர்களுக்கு எனக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறேன். அங்கே வருகிற அரிப்பெல்லாம் என் நோய் இல்லை. பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அடிக்கடி வரும். சோப்பு, வாசனைப் பொடி, நாப்கின் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு வருகிற வறட்சியாக இருக்கலாம். கரப்பான், சொறி, வேறு தோல் நோய்களும் உண்டு. ஒன்றுக்குப் போடுகிற மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். எனக்கு உயிர்மருந்தான ஸ்டீராய்டு களிம்பைப் பூஞ்சை உள்ளவள் போட்டால் பூஞ்சை பரவும். அதனால் கடையில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும். "பார்க்க வேணாம்" என்று என்னைப் போலச் சொல்லாதீர்கள்.

வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். வேப்பிலையும் மஞ்சளும் அங்கே வேண்டாம். தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள், சோப்புத்தூள் போக நன்றாக அலசுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் துணி உரசாது, சிறுநீர் பட்டால் எரியாது. எனக்கு எழுதிக்கொடுத்த களிம்பை முதலில் தினமும் போட்டேன், பிறகு டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்தேன். அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டால் நோய் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, வெடிப்போ புண்ணோ ஆறாமல் இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.

சுருங்கிப்போன தோல் திரும்பி வரவில்லை. வராது. அரிப்பு இல்லாத நாட்கள் வருகின்றன. அந்த நாட்களில் என் உடம்பு ரொம்ப அமைதியாக இருக்கிறது, அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் வருஷத்தைப் பரீட்சை, விடுமுறை, கிறிஸ்துமஸ் என்று பிரித்துக்கொள்வேன். இப்போது டாக்டர் பார்க்கிற நாள், அடுத்துப் பார்க்கப்போகிற நாள், அவ்வளவுதான். நடுவில் இருப்பதை யாரோ எனக்குக் கைமாற்றாகக் கொடுத்த மாதிரி வாழ்கிறேன். வீட்டுக்காரருடன் சண்டை போடுவது குறைந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். குறையவில்லை.

இன்று காலை தொட்டுப் பார்த்தபோது தையல் போட்ட இடத்துக்கு வலது பக்கம் ஒரு சொரசொரப்பு விரலில் பட்டது. கடுகுகூட இருக்காது. நேற்று வரை இல்லை. வெறும் தழும்பாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு நேராக வெளியே வந்தேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

அவர் டம்ளரை அப்படியே கீழே வைத்தார். "நாளிக்கு மொத பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றார்.

நாளைக்குப் போகிறோம். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகு போகலாம் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.